குழியானையில் தொடங்குங்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் இயற்கையைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

கூழைக்கடா பார்க்க ஊசுட்டேரிக்கு எப்போது போகலாம் என்று கேட்டு வருகிறவர்களை நான் முதலில் உட்கார வைப்பது குழியானை என்கிற பூச்சியின் குழிக்கு முன்னால். கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். கழுத்தில் புது பைனாகுலர் தொங்கும், தலையில் பச்சைத் தொப்பி இருக்கும். நான் காட்டுவதோ திண்ணை ஓரத்துப் புழுதியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். ஆனால் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, ‘நிறைய பறவை இருந்தது, அழகா இருந்தது’ என்பதோடு திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கண்ணைப் பழக்காமல் போனால் அவ்வளவுதான் கிடைக்கும்.

இது கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களுக்கும், வேலைக்கோ படிப்புக்கோ இங்கே புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கும் எழுதியது. தை மாதம் ஆரம்பிப்பது நல்லது. மழை விட்டு மண் காய்ந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. அங்கிருந்து அடுத்த தை வரைக்கும் வேலை இருக்கிறது.

முதல் வாரம்: ஒரு குழி

மழை படாத, கால் மிதிபடாத பொடிமண்ணைத் தேடுங்கள். ஓட்டு வீட்டு இறவாரத்துக்குக் கீழே, கோயில் மண்டபத்து ஓரம், பல நாளாக நகராமல் நிற்கிற வண்டிக்கு அடியில், பள்ளிக்கூடச் சுவர் ஓரம். புனலை அழுத்தி எடுத்தது போல ஐந்தாறு பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் நிழல் அதன் மேல் விழாதபடி உட்காருங்கள். சின்ன வயதில் இதைத் தோண்டி உள்ளங்கையில் விட்டு விளையாடியிருப்பீர்கள், பின்பக்கமாகவே நடக்கும் பூச்சி என்பதும் ஞாபகம் இருக்கும். இந்த முறை தோண்ட வேண்டாம்.

குழியின் சரிவைப் பாருங்கள். உலர்ந்த மண் சரியாமல் நிற்கக்கூடிய கடைசிச் சாய்வு அது. எறும்பின் கால் பட்டாலே ஒரு மணல் உருளும். அடியில் உடம்பைப் புதைத்து, தாடையை மட்டும் விரித்து வைத்துக் காத்திருக்கிறது குழியானை. எறும்பு தவறி விழுந்து மேலே ஏறப் பார்க்கும்போது கீழிருந்து தலையால் மண்ணை வாரி வீசும். அந்த மண் எறும்பைத் தாக்குவதைவிட சரிவைக் குலைப்பதுதான் முக்கியம். எறும்பு ஏறுகிற பாதையே காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பிடிபட்டதும் மண்ணுக்குள் இழுத்து, செரிமான நீரைச் செலுத்தி, உள்ளிருப்பதைக் கரைத்து உறிஞ்சிவிடும்.

எறும்பு மறைந்தவுடன் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து வெறும் தோலைக் குழிக்கு வெளியே சுண்டி எறியும். பிறகு குழியின் சுவரைச் சரிசெய்யும். அதுவரை இருந்தால்தான் ஒரு வேட்டையை முழுதாகப் பார்த்ததாகக் கணக்கு. இப்படியே மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கு மேலும் மண்ணுக்குள் கிடந்துவிட்டு, ஒருநாள் தட்டானைப் போல மெல்லிய இறக்கையோடு வெளியே வரும். இரவில் உங்கள் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றித் தள்ளாடிப் பறக்கிற தட்டான் மாதிரிப் பூச்சி அதுவாக இருக்கலாம். இவ்வளவு நாளும் அதன் வயிற்றில் கழிவு வெளியேற வழியே கிடையாது, சேர்த்து வைத்த கழிவு இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேறும்.

ஒரு விஷயம். பொறுமை இல்லாமல் நீங்களே எறும்பைப் பிடித்துக் குழிக்குள் போடாதீர்கள். போட்டால் பிறகு எழுதுவது குழியானையைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றித்தான் இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்தும் எறும்பு வரவில்லை என்றால் மூன்று நாள் எறும்பு வரவில்லை என்று எழுதுங்கள்.

நோட்டும் பென்சிலும்

நாற்பது பக்க நோட்டு போதும், சட்டைப் பையில் நுழைய வேண்டும். பால்பாயின்ட் பேனா ஈரத் தாளில் வழுக்கும், பென்சில் எழுதும். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இடம், காற்று, வெயில். அப்புறம் பார்த்தது.

எழுதுவதில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: ‘அழகு’, ‘பாவம்’, ‘கொடூரம்’ என்ற மூன்று சொல்லையும் முதல் மூன்று மாதம் நோட்டில் சேர்க்காதீர்கள். என்ன இருந்தது என்பதைவிட என்ன செய்தது என்று எழுதுங்கள். என் பழைய நோட்டிலேயே ஒரு பக்கம் ‘மீன்கொத்தி, நீல நிறம், மிக அழகு’ என்கிறது. அதை இன்று படித்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த வருடத்துப் பக்கம் ஒன்றில், ‘6.50. மீன்கொத்தி மின்கம்பியில். ஓணானைப் பிடித்திருக்கிறது. கம்பியில் அடிக்கிறது, இடம் வலம், பதினேழு முறை. வாலை முதலில் விழுங்கப் பார்த்து முடியாமல் திருப்பிப் போட்டுத் தலையை விழுங்கியது’ என்று இருக்கிறது. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆனால் அந்தக் காலை அப்படியே திரும்பி வருகிறது.

பைனாகுலர் மூன்று மாதத்துக்கு வேண்டாம். பிறகு வாங்கினால் 8×42 என்று போட்டதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய எண் நல்லது என்று நினைத்து 20 மடங்கு வாங்கி வந்தவர்கள் உண்டு. கை நடுக்கமும் இருபது மடங்காகும்.

உங்கள் இடம்

அடுத்து, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஓர் இடம் பிடியுங்கள். கடலூர்க்காரர்களுக்குக் கெடிலம் கரை, மஞ்சக்குப்பம் மைதானத்து மரங்கள், தேவனாம்பட்டினத்துச் சவுக்கு. புதுச்சேரியில் என்றால் தாவரவியல் பூங்கா. மொட்டைமாடியும் பரவாயில்லை. வாரத்தில் மூன்று காலை, அரை மணி நேரம், அதே இடம். ஜனவரியில் சூரியன் எழ ஆறரை ஆகிவிடும், மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் எழுந்துவிடும். அதற்குக் கால் மணி முன்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் வந்தது எல்லாவற்றுக்கும் தெரிந்திருக்கும்.

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் வீடு என்றால் அதிர்ஷ்டம். மீன் இறங்கும் நேரத்தில் செம்பருந்துகள் வட்டமிடும். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதே பறவை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அச்சிட்ட படத்துக்குக் கீழே ‘புதுச்சேரிக் கழுகு’ என்றுதான் எழுதியிருந்தார்கள், 1783இல் போடார்ட் என்ற டச்சுக்காரர் அதற்கு லத்தீன் பெயர் வைத்தார். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்புமாக வெயிலில் திரும்பும்போது கண்ணை எடுக்க முடியாது. அடுத்த நிமிடம் அது இறங்கித் தூக்குவது வலையிலிருந்து உதறிப் போட்ட அழுகல் மீனை. காகத்தின் வாயிலிருந்து பிடுங்கியும் தின்னும். சாமிக்கு வாகனமாக இருப்பதற்கும் அழுகல் மீனுக்கும் பருந்து ஒரு சம்பந்தமும் பார்ப்பதில்லை.

பங்குனி முதல் ஆடி வரை: காகக் கூடு

வெயில் ஏற ஏறக் குயில் கத்துவது கூடும். எல்லோரும் அண்ணாந்து குரலைக் கேட்பார்கள். நீங்கள் காகக் கூட்டைத் தேடுங்கள். வேம்பு, மா, தூங்குமூஞ்சி, சில சமயம் செல்போன் கோபுரம். குச்சியோடு கம்பித் துண்டுகளும் வைத்துக் கட்டியிருக்கும்.

கூட்டுக்குப் பக்கத்தில் கரிய ஆண் குயில் வந்து உரக்கக் கத்தினால் காகங்கள் அதைத் துரத்திப் போகும். அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பழுப்புப் பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். இது சில நொடி வேலை, கண்ணில் படுவது அபூர்வம். எனக்கே இத்தனை வருடத்தில் இரண்டு முறைதான் கிடைத்தது. ஆனால் பின்விளைவைப் பார்ப்பது எளிது. குயில் முட்டை காகத்தின் முட்டையைவிட இரண்டு மூன்று நாள் முன்னாலேயே பொரித்துவிடும். முதலில் வாய் திறந்த குஞ்சுக்குத்தான் முதல் இரை. காகக் குஞ்சுகளில் கடைசியாகப் பிறந்தவை பட்டினியில் போய்விடுவது உண்டு. ஜூன், ஜூலையில் மின்கம்பியில் உட்கார்ந்து இறக்கையை நடுக்கிக்கொண்டு காகத்திடம் கத்தி வாங்கித் தின்கிற குயில் குஞ்சை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அமாவாசைக்குக் காகத்துக்கு வைக்கிற சோற்றில் குயில் வீட்டுக்கும் பங்கு போகிறது என்று எங்கள் தெருவில் ஒரு பாட்டியிடம் சொன்னேன். ‘போகட்டுமே, அதுவும் யாரோ ஒருத்தர்தானே’ என்றார்.

குளவி

இந்தப் படிக்கு நான் அதிக நாள் ஒதுக்குவேன், ஏனென்றால் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, நாம்தான் துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம்.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் இனமாக்கிவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயிலில் சொற்பொழிவு கேட்டவர்களுக்குக் குருவும் சீடனும் என்று அந்த உவமை இன்னும் காதில் இருக்கும். அந்தக் கதையைக் கட்டியவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். குளவி மண்கூடு கட்டுகிறது, உள்ளே ஒரு புழுவை வைத்து மூடுகிறது, சில வாரம் கழித்து ஒரு குளவி வெளியே வருகிறது. பார்த்தவை எல்லாம் உண்மை. மூடிய கூட்டுக்குள் நடப்பதை மட்டும்தான் அவர்கள் ஊகித்தார்கள்.

உள்ளே நடப்பது இது. சின்னப் பானை மாதிரிக் கூடு கட்டும் குளவி, முதலில் ஒரு முட்டையை மெல்லிய இழையில் கூட்டின் கூரையிலிருந்து தொங்க விடும். பிறகு பச்சைப் புழுக்களைக் கொட்டிச் செயலிழக்க வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடைக்கும். வேறு வகைக் குளவிகள் புழுவுக்குப் பதில் சிலந்திகளை அடைக்கும். கொட்டு வாங்கிய புழு சாவதில்லை. செத்தால் இந்த வெயிலுக்கு இரண்டே நாளில் அழுகிவிடும். உயிரோடு, அசைய முடியாமல் இருந்தால் கடைசிவரை கெடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மீனைச் சட்டித் தண்ணீரில் உயிரோடு வைப்பது போலத்தான். முட்டை பொரித்து வரும் குளவிக் குஞ்சு அவற்றை ஒன்றொன்றாகத் தின்று வளரும்.

சார்லஸ் டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்னும் இன்னொரு வகைக் குளவியைச் சொல்லி, கருணையுள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னை நம்ப வைக்க முடியவில்லை என்கிறார். நாமோ குளவியைக் குருவாக்கி வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே பூச்சிக் கூட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

கவனிக்கும் முறை சுலபம். ஜன்னல் சட்டத்திலோ சுவிட்ச் பெட்டி மேலோ புதுக் கூடு தெரிந்தால் பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதி போடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் துடைப்பம் படக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். குளவிக் கூடு கட்டினால் வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை உள்ள வீடென்றால் அதுவே காவல். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மண் உருண்டை வருகிறது, எத்தனை முறை புழு வருகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தாலும் இது துரத்திக் கொட்டுகிற இனம் இல்லை, கையால் பிடித்தால்தான் வம்பு. தென்னையிலோ புதரிலோ கூட்டமாகக் கட்டும் குளவி வேறு, அதன் பக்கம் போகவே வேண்டாம். மூடிய பிறகு மூன்று நான்கு வாரம் தினம் ஒரு பார்வை. கூட்டில் ஓட்டை விழுந்தால் குளவி போய்விட்டது என்று அர்த்தம். ஒருமுறை எங்கள் வீட்டுக் கூட்டிலிருந்து வந்தது கட்டின குளவியின் பிள்ளையே இல்லை. பொன்வண்டு மாதிரிப் பச்சையாக மின்னும் இன்னொரு குளவி. அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டு, அந்தக் குஞ்சையும் அதற்கு வைத்த இரையையும் சேர்த்துத் தின்று வளரும் இனம் அது. எங்கள் வீட்டில் நான் பார்த்த பூச்சிகளிலேயே நிறத்தில் அதுதான் முதல்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கூட்டைப் பொறுக்க முடியாமல் உடைத்தேன். உள்ளே எட்டுப் பச்சைப் புழுக்கள், தொட்டால் லேசாக நெளிந்தன. காப்பாற்றுகிறேன் என்று முருங்கை இலை மேல் வைத்தேன். எதுவும் எழுந்து நடக்கவில்லை. ஐந்தாறு நாளில் ஒவ்வொன்றாகக் கருத்துப் போயின. அந்தக் குளவி அன்று மதியம் வரை உடைந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆகப் புழுவும் பிழைக்கவில்லை, குளவிக் குஞ்சும் பிழைக்கவில்லை.

முந்திரித் தோப்பில் ஒரு காலை

பண்ருட்டிப் பக்கம் சொந்தமோ நட்போ இருந்தால் கேட்டுக்கொண்டு ஒரு முந்திரித் தோப்புக்குப் போங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போன்ற கூடு தெரிந்தால் அது முசுறு எறும்பின் கூடு. கை நீளத் தொலைவில் நில்லுங்கள், கிளையில் சாய வேண்டாம். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும், நினைவிருக்கும்.

புதிதாகக் கட்டும் கூடு கிடைத்தால்தான் விசேஷம். எறும்புகள் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இரண்டு இலைகளை அருகே இழுத்துப் பிடிக்கும். உள்ளிருந்து சில எறும்புகள் வாயில் வெள்ளைப் புழுக்களைக் கவ்விக்கொண்டு வரும். அவை அவற்றின் சொந்தக் குஞ்சுகள். அந்தக் குஞ்சின் வாயை ஓர் இலையில் தொட்டு, அடுத்த இலையில் தொட்டு, நாடா ஓட்டுவது போல இங்குமங்கும் ஆட்டும். குஞ்சு விடுகிற பட்டு இழையில் இலை ஒட்டிக்கொள்ளும். மற்ற பல எறும்பு இனங்களில் குஞ்சு தனக்கென்று கூடு நூற்க வைத்திருக்கும் இழை அது. முசுறுக் குஞ்சுகளுக்கு மிச்சம் இருப்பதில்லை, வெறும் உடம்போடுதான் எறும்பாக மாறும். தோப்புக்காரர்களில் சிலர் முசுறை விரட்ட மாட்டார்கள், முந்திரித் தளிரை உறிஞ்சும் பூச்சிகளை அது பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பறிக்கப் போகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை.

இனி ஏரிக்குப் போகலாம்

ஐப்பசி மழை பிடித்து ஏரிகள் நிறைந்ததும் போக ஆரம்பியுங்கள், மார்கழி, தையில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஊசுட்டேரி புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியில், மறு பாதி விழுப்புரம் மாவட்டத்தில். புதுச்சேரி தன் பகுதியை 2008இலும் தமிழ்நாடு தன் பகுதியை 2015இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பறவைக்கு எல்லை தெரியாது, கரையில் நிற்கிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு அரசின் விதிகளும் இருக்கின்றன. பாகூர் ஏரியும், கடலூர்ப் பக்கம் பெருமாள் ஏரியும், தெற்கே காட்டுமன்னார்கோயில் அருகே வீராணமும் இதே முறையில் பார்க்கலாம்.

நம் பக்கத்து நிலம் கடலை நோக்கிச் சரிவதால் ஏரிக்குக் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். அதனால் காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவைமேல் நேராகப் படும். சாயங்காலம் போனால் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். இது தெரியாமல் மாலையில் போய், ‘எல்லாம் நீர்க்காகம்’ என்று எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

முதல் நாள் எல்லாவற்றையும் அடையாளம் காண ஆசைப்படாதீர்கள். நத்தைகுத்தி நாரை ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். சேற்றுக்குள் அலகைவிட்டுத் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டை உடைக்காமல், கீழலகின் நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்துச் சதையை மட்டும் உருவிவிடும். கரையில் முழுசாகக் கிடக்கும் நத்தை ஓடுகளைப் பொறுக்கிப் பாருங்கள், எவ்வளவு சுத்தமான வேலை என்று தெரியும். அப்புறம் நாமக்கோழிக் கூட்டம். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்போது நூற்றுக்கணக்கான நாமக்கோழிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கருந்திட்டாகும். பருந்துக்கு வேண்டியது அந்தத் திட்டில் சேராமல் பின்தங்குகிற ஒன்று. நீங்களும் அதைத்தான் தேடுவீர்கள், தேடுகிறோம் என்று தெரியாமலேயே.

திரும்பும் வழியில் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். நீளக் குழல் வைத்து முடித்த கூடுகளுக்கு நடுவே, தொப்பி மாதிரி பாதியில் நிற்கிறவை தெரியும். ஆண் பாதி கட்டியதும் பெண் வந்து உள்ளே பார்க்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டும், இல்லையென்றால் அந்தப் பாதி அப்படியே தொங்கும். எத்தனை முழுசு, எத்தனை பாதி என்று எண்ணி எழுதுங்கள்.

கடற்கரை

தை முதல் பங்குனி வரை இரவில் ஆமைகள் மணலேறும். மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்றே சொல்வார்கள். ஒரு பெண் ஆமை பின் துடுப்பால் குழி பறித்து நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடி, இரவோடு இரவாகக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 45 முதல் 55 நாள். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்தால் ஆண் அதிகம்.

டார்ச் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பும், குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும். வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறார்கள். அவர்களிடம் கேட்டு, விடும் நாளில் போங்கள். கைக்குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு நூறு குஞ்சு அலையை நோக்கிப் போவதைப் பார்க்கும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். காகமும் நண்டும் நாயும் கரையில் முடிக்காததை மீன்கள் கடலில் முடிக்கும். பெரிதாவது மிகச் சிலவே.

காலையில் அதே கரையில் நடந்தால் செத்து ஒதுங்கிய பெரிய ஆமையும் கண்ணில் படும். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவை வலைக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும். இது குழியானைக் கணக்கில் சேராது. இந்த இரண்டு சாவையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள்.

பிச்சாவரம் போகிறவர்கள் காலை முதல் படகைப் பிடியுங்கள், கூட்டம் வந்தபின் படகுச் சத்தம்தான் மிஞ்சும். வெண்கண்டல் இலையைத் தடவி விரலை நாக்கில் வையுங்கள், உப்புக் கரிக்கும், மரம் வெளியே தள்ளிய உப்பு. தில்லை மரத்தை மட்டும் ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் கொடுத்த மரம்தான் இது.

குறுக்கே போவதா, வேண்டாமா

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. அங்கே நாம் வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சாரைப்பாம்பு மைனாக் கூட்டில் தலை விட்டால் உட்கார்ந்திருங்கள். பாம்பு பிடித்த தவளை கத்தும், அடிவயிறு கலங்கும், இருந்தாலும் உட்கார்ந்திருங்கள். மாஞ்சா நூலில் இறக்கை மாட்டிய கொக்கு என்றால் எழுந்து போங்கள். தூண்டில் நரம்பு, வலைத் துண்டு, கண்ணி, வீட்டு நாய் துரத்தும் கீரிக்குட்டி, எல்லாமே நம் கணக்கு. துணி போட்டுத் தலையை மூடினால் பறவை அடங்கும், நாரை இனம் என்றால் கண்ணைக் குத்தாமல் அலகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கீழே விழுந்த குஞ்சு பெரும்பாலும் விழுந்ததே இல்லை, பறக்கப் பழகுகிறது. சிறகு முளைத்திருந்தால் அருகில் ஒரு கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள், நீங்கள் போனதும் தாய் வரும். வீட்டுக்குக் கொண்டுபோய் பால் ஊற்றாதீர்கள். கிளிக் குஞ்சை எடுத்து வளர்ப்பதும், முட்டை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம், எதிரி வந்துவிட்டான் என்று நாள் முழுக்க அலையும்.

ஏரிக்கரையிலும் வரப்பிலும் கண்ணாடி விரியன் உண்டு. ஷூ போடுங்கள், புல்லுக்குள் கை விடாதீர்கள், இருட்டில் டார்ச் வேண்டும். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

புயலுக்கு அடுத்த நாளையும் தவற விடாதீர்கள், மின்கம்பியைப் பார்த்து நடங்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மறுநாள் என் தெருவில் விடிந்தது தெரிந்தும் ஒரு பறவையும் கத்தவில்லை. ஏழரை மணிக்கு ஒரு கரிச்சான், விழுந்து கிடந்த முருங்கையின் வேர்மேல் உட்கார்ந்து, புரண்ட மண்ணிலிருந்து வெளியே வந்த பூச்சிகளைப் பிடிக்க ஆரம்பித்தது. அன்றைய பக்கத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்த தை

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நிபுணராக இருக்க வேண்டாம். குரலை வைத்து அடையாளம் காண மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஏரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, ஒரு வருடமாக உட்கார்ந்த உங்கள் இடத்திலிருந்தே அனுப்புங்கள். தெரியாத பறவையை விட்டுவிடலாம், தவறில்லை. காகத்தை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அனுப்பும் பட்டியலில் பெரும்பாலும் காகம்தான் காணாமல் போகிறது.